‘என் பிள்ளை’ என்பது துருக்கியில் ஒரே சொல்

துருக்கியிலிருந்து திரும்பியதிலிருந்து ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வரும் பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “அவ்ளோ தொலவு போய்ட்டு இன்னாடி கொண்டாந்த?” கேட்கும்போதே அவர்கள் கண் பெட்டிப் பக்கம் போய்விடும். நான் ஒரு பீங்கான் கிண்ணத்தைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். உண்மையில் நான் கொண்டு வந்தது ஒரு பாஷையின் இலக்கணம். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்ட முடியாததால் இங்கே எழுதுகிறேன். சமையல் செய்யப் போனவளுக்கு இலக்கணம் எதற்கு என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கும். ஆனாலும் போகலாம்.

சமையல் செய்யத்தான் போனேன். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போட்டுப் பதப்படுத்தும் நம் ஊர் வேலையைத் தம் ஆட்களுக்குக் காட்டித்தர வேண்டும் என்று இஸ்தாம்பூல் முதலாளி ஒருவர் ஆள் கேட்டிருந்தார். இவரை அனுப்பினார்கள். பேச்சுத் துணைக்கு வாணியம்பாடி கரீம் பாய். இவருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதால் நான். பால் குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது என்பதால் பாப்பா. என் மாமியார் வாசலில் நின்று, “கடல தாண்டிப் போன பொம்பள போன மாரியே திரும்பி வருவாளா?” என்று காற்றைக் கேட்டார். “வந்துர்றேன் அத்தை” என்று நான்தான் பதில் சொன்னேன். போகும் வழியெல்லாம் அந்தப் பதில் சரிதானா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கப்பலில் கரீம் பாய் எங்களுக்குத் தைரியம் சொன்னார். “துருக்கி இன்னா பெரிய பாஷ தங்கச்சி? உருது தெரிஞ்சா போதும். எல்லாம் நம்ம சொல்லுதான்.”

இறங்கிய அன்றே அது சோதனைக்கு வந்தது. துறைமுகத்தில் சுமைக்காரன் ஒருவன் எங்கள் பெட்டியைத் தட்டிக்காட்டி ஏதோ நீளமாகக் கேட்டான். அதில் ‘சந்திக்’ என்று ஒரு சொல் வந்தது. பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியா? சந்தூக்குன்றான்! பொட்டின்றான்!” என்று சொல்லி, வாக்கியத்தின் மீதியைக் கேட்காமலே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். சுமைக்காரன் பெட்டியைத் தூக்கி, யாரோ ஒரு கிரேக்கச் சீமாட்டியின் வண்டியில் ஏற்றிவிட்டான். வண்டி புறப்பட்டது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். பாலத்தின் பாதியில் வண்டியைப் பிடித்துப் பெட்டியோடு திரும்பி வந்து, மூச்சிரைக்கச் சொன்னார்: “இன்னா பாய், உன் சொல்லு நம்ம பொட்டிய இட்டுகினு போய்டுச்சே.”

அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்தது. சொல் தெரிந்தால் பெட்டி என்று தெரியும். யாருடைய பெட்டி, எங்கே போகிறது என்பதெல்லாம் சொல்லின் வாலிலும் வாக்கியத்தின் கடைசியிலும் இருக்கிறது.

எங்களுக்குக் கொடுத்த வீடு கோட்டைச் சுவருக்கு வெளியே, கடலை ஒட்டி, தோல் பதனிடும் இடங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் பாலாற்றங்கரைதான். அதே சுண்ணாம்பு, அதே ஈரத் தோல் நாற்றம். அவர்கள் பட்டைக்குப் பதில் ஏதோ ஒரு காயின் ஓட்டைப் போடுகிறார்கள், அவ்வளவுதான். சாப்பாடும் நான் பயந்த அளவுக்கு அந்நியமில்லை. உப்புப் போட்ட மோருக்கு அவர்கள் ‘ஐரான்’ என்கிறார்கள். மாவையும் தயிரையும் புளிக்க வைத்துக் காய்ச்சி ஒரு கஞ்சி செய்கிறார்கள். கேழ்வரகுக் கூழின் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். இவர் அதை முதல் நாள் முகர்ந்து பார்த்தார். மறுநாள் இரண்டு கிண்ணம் குடித்தார். அப்படியென்றால் நான் எதற்கு வந்தேன் என்று எனக்குத் தோன்றியது. 

பாய் பழைய புத்தகக் கடையிலிருந்து ஓர் இலக்கணப் புத்தகத்தை வாங்கி வந்தார். துருக்கி பாஷையைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் எழுதியது. பாய்க்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. இவருக்குக் கையெழுத்து மட்டும் வரும். மிஷன் பள்ளியில் படித்தவள் நான் ஒருத்திதான். நான் கையை நீட்டினேன்.

“வேணாம் தங்கச்சி. இது பொம்பளைங்களுக்கு வர்ற பாஷ இல்ல. பெரிய பெரிய தொரைங்களே தலைகீழான பாஷன்னு எழுதிக்கிறாங்களாம்” என்றார் பாய்.

“உனுக்கு எதுக்கு? நீ ஊட்லதான இருக்கப் போற” என்றார் இவர்.

இரண்டு பேர் வேண்டாம் என்றதால்தான் நான் அதை எடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, அடுப்பு மூட்டக் காகிதம் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளைக்காரர் முதல் பக்கத்திலேயே புலம்பத் தொடங்கியிருந்தார். துருக்கியர் வாக்கியத்தை வாலிலிருந்து ஆரம்பிக்கிறார்களாம். வினைச்சொல்லைக் கடைசி வரை ஒளித்து வைக்கிறார்களாம். ‘நேற்று வந்த மனிதனின் வீட்டின் கதவு’ என்பதை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் பாருங்கள் என்று வியந்து ஓர் உதாரணம் கொடுத்திருந்தார்: ‘துன் கெலென் ஆதமின் எவினின் காபிஸி.’ துன், நேற்று. கெலென், வந்த. ஆதம் என்றால் மனிதன், எவ் என்றால் வீடு, காபி என்றால் கதவு. நான் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வந்தேன். நேற்று, வந்த, மனிதனின், வீட்டின், கதவு. தலைகீழாக ஒன்றுமே இல்லை. நாம் சொல்கிற வரிசை அப்படியே இருந்தது. ‘இன்’ என்ற நம் உருபுகூட ‘ஆதமின்’ என்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது; பண்டிதர்கள் சொல்லட்டும்.

பள்ளியில் வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் போட்டதற்காக இங்கிலீஷ் ஆசிரியையிடம் எத்தனை முறை முட்டி மேல் அடி வாங்கியிருப்பேன்! நாம்தான் ஏதோ திருப்பிப் போட்டுப் பேசுகிறோம் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அன்று அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலைகீழாக நிற்பது நானும் அல்ல, துருக்கியரும் அல்ல, புத்தகம் எழுதியவர்தான் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டிவிட்டு, தப்பாக இருக்குமோ என்று இன்னொரு முறை வாசித்தேன். தப்பில்லை.

கதவு மட்டும் என்னைத் தடுத்தது. காபி என்றால் கதவு. அப்படியானால் ‘காபிஸி’ எதற்கு? அந்த ‘ஸி’ என்ன?

அதைச் சொல்லித்தந்தவள் பின் வீட்டு ஸெஹ்ரா. என் வயதுதான், இடுப்பில் என் பாப்பா வயதில் ஒரு பையன். அந்த நாட்டில் பழைய எழுத்தை எடுத்துவிட்டு, இங்கிலீஷ் எழுத்து மாதிரி புதிய எழுத்தைக் கொண்டு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பெரியவர்களெல்லாம் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றார்கள். ஸெஹ்ராவும் போனாள். அவள் பாடப் புத்தகத்தை நான் கடகடவென்று வாசிப்பேன்; ஒரு சொல்லும் புரியாது. அவளுக்கு எழுத்துக் கூட்ட வராது; கேட்டால் எல்லாம் புரியும். ஆக, வாசிப்பது நான், புரிந்துகொள்வது அவள் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். பீன்ஸ் உரித்தபடி நடந்த பள்ளிக்கூடம் அது.

அவள் என் கையைத் தொட்டாள். “எலின்.” தன் கையைத் தொட்டாள். “எலிம்.” பையன் கையைப் பிடித்துக் காட்டினாள். “எலி.” பையன் கை எலி என்றதும் எனக்கு வந்த சிரிப்பை அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. பிறகு வீடு. எவிம், என் வீடு. எவின், உன் வீடு. எவி, அவன் வீடு. உயிரெழுத்தில் முடிகிற சொல்லாக இருந்தால் ‘ஸி’ என்று வரும். பாபாம், என் அப்பா. பாபான், உன் அப்பா. பாபாஸி, அவன் அப்பா.

எனக்குச் சட்டென்று பள்ளித் தமிழ்ப் பண்டிதர் நினைவுக்கு வந்தார். எந்தை, நுந்தை, தந்தை என்று எங்களை உருப்போட வைத்தவர். என் தந்தை, உன் தந்தை, அவன் தந்தை. நாம் யாருடையது என்பதைச் சொல்லின் தலையில் வைத்தோம். இவர்கள் வாலில் வைக்கிறார்கள். வந்தேன், வந்தாய், வந்தான் என்று நாம் வினைக்கு வால் வைக்கிறோமே, அதுபோல இவர்கள் வீட்டுக்கும் கைக்கும் அப்பாவுக்கும் வைக்கிறார்கள். வீடேன், வீடாய், வீடான்! அப்படி நினைத்துக்கொண்டபின் எனக்கு எந்த வாலும் மறக்கவில்லை.

இன்னொன்று. நமக்கு ‘மனிதனின் கதவு’ என்றால் போதும்; சொந்தக்காரன் ஒருவன் சொன்னால் முடிந்தது. துருக்கியில் அது பாதிப் பேச்சு. மனிதனின் என்று அவன் ஒரு பக்கம் முடிச்சுப் போட வேண்டும். அவனுடைய கதவு என்று கதவும் தன் பக்கம் முடிச்சுப் போட வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் உறவு. இதை நான் ரசித்தேன். நம் ஊரில் எத்தனையோ விஷயங்களில் ஒரு பக்கத்தை மட்டும்தான் கேட்கிறார்கள்.

ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணவும் சொல்லிக்கொடுத்தாள். எண்ணி முடித்த பிறகுதான் ஆறுக்கு அடுத்த எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. சின்னதாக ஒரு பயம். வேறு பாஷையில் சொன்னால் சொன்னதாகுமா, ஆகாதா? அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. ஏன் பயம் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் பாப்பாவுக்குக் காய்ச்சல். மறுநாள் முகமெல்லாம் சிவப்புப் பொரி. தட்டம்மை. ஆம்பூராயிருந்தால் வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஊரில் வேப்பமரமே இல்லை. தெருவுக்குத் தெரு வந்த டாக்டர் பார்த்துவிட்டு, பக்கத்தில் குழந்தைகள் அதிகம், பிள்ளையை ஆஸ்பத்திரியில் தனியாக வைக்க வேண்டும் என்றார். இவர் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். தாயாருக்கு உள்ளே இடமில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்று சொன்னார்களாம்.

“குடுத்துட்டு வந்துட்டீங்களா?”

“இன்னா பண்ணச் சொல்ற? டாக்டர் சொல்றாரு.” இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நாளிக்கு இஸ்மீருக்குக் கப்பலு. தோல் பாக்கணும். நானும் பாயும் போய்ட்டு வந்துர்றோம். நீ எங்கியும் தனியா போவாத. பாஷ தெரியாத ஊரு. நான் வந்து புள்ளய கூட்டியாறேன்.”

“அவளுக்கும் பாஷை தெரியாதே” என்றேன். “தண்ணி வேணும்னா யார்கிட்ட கேப்பா?”

அவர் கப்பல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் போனார்.

அவர் போன அன்று காலையிலேயே நான் புறப்பட்டேன். சொன்ன சொல்லை மீறுகிறோமே என்று தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகு டிராம் வந்துவிட்டது.

டிராமில் ஏறி, பெண்களுக்கான இடம் எது என்று தேடினேன். அப்படி ஒன்றும் அங்கே இல்லை. ஒரு பட்டாளத்துக்காரருக்கும் மீன்கூடைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கோட்டைச் சுவர் இடது பக்கம் வந்தது. வலது பக்கம் வந்திருக்க வேண்டும் என்று ஸெஹ்ரா சொல்லியிருந்தாள். எதிர்த் திசை டிராம்! டிக்கெட்காரர் வந்து நின்றார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கூட்டி, முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் சொன்னேன். “சோஜூம் ஹஸ்தானெதெ.” சோஜுக் என்றால் பிள்ளை, சோஜூம் என்றால் என் பிள்ளை. ‘என் பிள்ளை ஆஸ்பத்திரியில்.’

டிராம் முழுக்க என் பக்கம் திரும்பியது. “கெச்மிஷ் ஒல்சுன்” என்றார் டிக்கெட்காரர். “கெச்மிஷ் ஒல்சுன்” என்றார்கள் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். கடந்து போனதாகட்டும் என்று பொருள். நோய் என்று கேட்டதும் அந்த ஊரில் தெரியாதவர்கள்கூட அதைச் சொல்கிறார்கள். பிறகு நான் எங்கே இறங்க வேண்டும் என்று சண்டை தொடங்கியது. எனக்குப் புரிந்தது பாதி, அவர்கள் கைகளைப் பார்த்து ஊகித்தது மீதி.

“பாலத்தில் இறங்கி மாறட்டும்” என்றார் பட்டாளத்துக்காரர்.

“பாலம் வரை கொண்டு போய் எதற்கு? அடுத்த நிறுத்தம் போதும்” என்றாள் மீன்கூடைக்காரி.

“உனக்கு மீன் தெரியும். வழி எனக்குத் தெரியும்.”

“வழி தெரிந்தவன் ஏன் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறாய்?”

மீன்கூடைக்காரிதான் ஜெயித்தாள். தானும் இறங்கி, என்னைச் சரியான டிராமில் ஏற்றிவிட்டு, அந்த டிக்கெட்காரரிடம் என் வாக்கியத்தை எனக்காகச் சொன்னாள். அவள் சொன்னபோது அது ‘சோஜூ’ என்று மாறியிருந்தது: அவளுடைய பிள்ளை. வால் மாறியதை நான் கேட்டேன். அழுகைக்கு நடுவில் ஒரு சந்தோஷம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் பாப்பாவைத் தூக்கிக் காட்டினாள். பாப்பா கண்ணாடியை அறைந்தாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து, “ஸு” என்று வாயைக் குவித்துக் காட்டினேன், தண்ணீர். நர்ஸ் தலையசைத்தாள். ‘மம்மு’வைச் சொல்லித்தர அவசியமே வரவில்லை. அங்கேயும் குழந்தைச் சோறு ‘மாமா’தானாம், மம்மு என்று கேட்டதும் ஊட்டிவிட்டார்களாம். தினமும் போனேன். திரும்பியதும் மறுநாளைக்கு வேண்டிய வாக்கியத்தை ஸெஹ்ராவோடு உட்கார்ந்து கட்டினேன். என் பிள்ளை சாப்பிட்டாளா? என் பிள்ளையின் காய்ச்சல் எப்படி? ‘ஆ’ என்று நாம் கேள்விக்கு ஒட்டுவது போல அவர்கள் ‘மி’ என்று ஒட்டுகிறார்கள். நம் உண்டுக்கு ‘வார்’, இல்லைக்கு ‘யோக்’. ‘எனக்குப் பிள்ளை உண்டு’ என்கிறோமே தவிர, இங்கிலீஷ்காரர் போல நாம் பிள்ளையைக் கையில் வைத்திருப்பதாகச் சொல்வதில்லை. அவர்களும் அப்படியே: சோஜூம் வார். என் பிள்ளை இருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமாவது இருக்கிறாள்.

ஒருநாள் காலை நர்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, கூட்டிப் போகலாம், ஜன்னலில் போய்ச் சொல்லுங்கள் என்றாள். இவர் இஸ்மீரில் கப்பல் ஏறுவதாகச் சொல்லியிருந்த நாள் அது. காலையிலிருந்தே காற்று பலமாக அடித்தது.

ஜன்னலில் கண்ணாடி போட்ட குமாஸ்தா. என் முறை வருவதற்குள் மத்தியானம் நெருங்கிவிட்டது. எனக்குப் பின்னால் இன்னும் வரிசை. நான் கட்டி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். “சோஜூமு வெரின்.” என் பிள்ளையைக் கொடுங்கள். பிள்ளை, என், ஐ, கொடு, ங்கள். ஒரு துண்டும் பிசகவில்லை.

அவர் நிமிர்ந்தார். “பாபாஸினின் ஆதி நே?”

பாபாஸி, அவளுடைய அப்பா. அதோடு ‘இன்’. ஆத் என்றால் பெயர். ஆதி, அவருடைய பெயர். நே, என்ன. அவளுடைய அப்பாவின் பெயர் என்ன? இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட கேள்வி. எனக்கு ஓர் எழுத்து விடாமல் புரிந்தது. புரிந்த பெருமை முகத்தில் பரவுவதற்குள் பதில் எது என்பதும் உறைத்தது.

படிக்கும் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும். கல்யாணமானதிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அதில் ஓர் எண் இருக்கிறது; அத்தனை வாழைப்பழம் வாங்க வேண்டுமானால்கூட ‘ஆறும் ஒண்ணும்’ என்பேன். ஆம்பூர் ஆஸ்பத்திரியில் கேட்டால் ஒரு கை விரல் முழுவதையும் மறு கையில் இரண்டையும் காட்டி, ஜவ்வாது மலைப் பக்கம் கையை நீட்டுவேன். கம்பவுண்டர் சிரிக்காமல் எழுதிக்கொள்வார்.

கை பழக்கத்தில் எழுந்துவிட்டது. விரல்களைக் காட்டினேன்.

“அத்தனை பிள்ளைகளா! இந்தச் சின்ன உடம்பிலா!” என்றாள் பின்னால் நின்ற ஒரு பருத்த அம்மாள்.

ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை. எனவே வயிற்றுக்கு முன்னால் இரண்டு கையாலும் மலை மாதிரி வளைத்துக் காட்டினேன்.

“ஐயோ, பிள்ளைகள் இல்லை, மாதம்! அத்தனை மாதக் கர்ப்பமாம்! நிற்க வைக்கிறீர்களே, நாற்காலி கொண்டு வாருங்கள்!” நாற்காலி வந்தது. என்னை உட்கார வைத்து யாரோ விசிறினார்கள்.

“கர்ப்பமும் இல்லை, ஒன்றும் இல்லை” என்றார் கைத்தடி வைத்த கிழவர் ஒருவர். “இந்த ஊர் அத்தனை குன்றுகளின் மேல் கட்டியது. இஸ்தாம்பூல் என்கிறாள்.”

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, பிள்ளையின் அப்பா பெயர் இஸ்தாம்பூலா?”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். துருக்கியில் சொன்னால் சொன்னதாகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, “யெதி தா” என்றேன். எண்ணும் மலையும். அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தலையை மேலே தூக்கினார். அங்கே அது இல்லை என்பதற்கு அடையாளம். பிறகு எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி, கையாலும் காட்டிச் சொன்னார்: “பிள்ளையை விட்டுச் சென்றவர் ஒரு பெயர் சொல்லியிருக்கிறார். கேட்டு வருகிறவரும் அதையே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் யார் பிள்ளையை யார் தூக்கிப் போகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? குணமான குழந்தைகளை மத்தியானப் படகில் அக்கரை விடுதிக்கு அனுப்புகிறோம். அப்பா அங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.”

அவர் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கோபம். பிள்ளையின் வயிற்றுப் பசி எனக்குத் தெரியும், தூக்கம் தெரியும், எந்தப் பக்கம் ஒருக்களித்தால் இருமும் என்று தெரியும். அவள் என்னுடையவள் என்பதற்கு அது எதுவும் சாட்சி இல்லை. நான் சொல்லக் கூடாத ஒரு பெயர்தான் சாட்சி. வெளியே காற்று ஜன்னல் கதவை அடித்தது. என் வீட்டுக்காரர் தண்ணீரின் மேல் இருக்கிறார். இன்றைக்குப் பார்த்தா? சொல்லாவிட்டால் பாப்பாவும் தண்ணீரின் மேல் போவாள், யாரோ ஒருவர் கையில்.

தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். பிறகு அதையும் விட்டேன்.

“ஏழுமலை” என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. குமாஸ்தா விரலை வைத்துத் தேடினார். “யெலுமலாய்.” பின்னால் வரிசையில் ஒவ்வொருவராக அதை வாயில் போட்டுப் பார்த்தார்கள். யெலுமலாய். யெலுமலாய். வானம் இடியவில்லை.

“நீங்கள் யார்?”

“அன்னெஸியிம்.” நம் அன்னையேதான் அங்கே ‘அன்னெ’. அன்னெ, அம்மா. ஸி, அவளுடைய. யிம், நான். அவளுடைய அம்மா நான். அத்தனையும் ஒரே சொல்.

கதவு திறந்தது. நர்ஸின் இடுப்பிலிருந்து பாப்பா இரண்டு கையையும் நீட்டி, “அம்மா” என்று கத்தினாள். இப்போது இரண்டு பக்கமும் முடிச்சு விழுந்தது. அந்தப் பருத்த அம்மாள் என்னைவிட அதிகமாக அழுதாள். போகும்போது என் வயிற்றைத் தொட்டு, அடுத்ததும் சுகமாகப் பிறக்கட்டும் என்று வாழ்த்தினாள். நான் திருத்தவில்லை.

அடுத்த நாள் முழுக்க நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் இவர் வெளிறிய முகத்தோடு தெருவுக்குள் நுழைந்தார். நடந்ததை என்னிடம் கேட்டிருந்த ஸெஹ்ரா வாசலிலிருந்து, “வாருங்கள் யெலுமலாய் பே!” என்று, நம் ஐயாவைப் போல ‘பே’ சேர்த்து வரவேற்றாள். அவள் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். எதிர்க்கடைக்காரரும் சொன்னார்.

இவர் திகைத்து நின்றார். “என் பேரு தெருவுக்கே எப்டி தெரிஞ்சுது?”

பாய் என்னைப் பார்த்தார்.  முதலில் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. “கப்பல்ல காத்து எப்போ அடிச்சிது? மத்தியானமா?”

“இன்னா கேள்வி இது? காலைல கௌம்புனப்போ அடிச்சிது. வாந்தின்னா வாந்தி, ஒரே பேஜாரு. மத்தியானத்துக்கு மேல தண்ணி தகடு மாரி கெடந்துச்சு.”

நான் சொன்னது மத்தியானம். சொன்ன பிறகு காற்று நின்றிருக்கிறது! உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆயுசு கம்மி ஆவல மாப்ள, காத்துதான் கம்மி ஆய்ச்சு.” இவர் சிரிக்கவில்லை. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தில் மங்கிவந்த பொரிகளைத் தடவினார். பிறகு கேட்டார்: “மெதுவா சொன்னியா, கத்திச் சொன்னியா?”

“கத்தித்தான்.”

“ம்” என்றார். அது கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தயிர்க் கஞ்சியை மட்டும் அன்று மூன்று கிண்ணம் குடித்தார்.

ஆம்பூர் வந்து சேர்ந்த பிறகு, பாப்பாவுக்குப் பெரியம்மை ஊசி குத்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமியாரும் வந்தார். எனக்கு முன்னால் நின்ற பெண் கூரையைக் காட்டிச் சூரியன் என்று ஜாடை செய்தாள். கம்பவுண்டர் ஏதோ எழுதிக்கொண்டார். என் முறை வந்தது. “அப்பா பேரு?” என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல என் விரல்களைப் பார்த்தார். என் விரல்கள் பாப்பாவின் முதுகில் இருந்தன. எடுக்கவில்லை.

“ஏழுமலை.”

பேனா நின்றது. வரிசை நின்றது. அத்தை என் முழங்கையில் கிள்ளினார்.

“என் பேரும் எழுதிக்கோங்க” என்றேன். “லோகநாயகி. அம்மா.”

“அதுக்கு இங்க எடம் இல்லம்மா.”

“ஓரத்துல இருக்குதே.”

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரைப் பார்த்தார். கம்பவுண்டர் பெருமூச்சு விட்டு, ஓரத்தில் சின்னதாக எழுதினார். சரியாக எழுதினாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஜட்காவில் ஏறியதும் அத்தை வெடித்தார். “அவ்ளோ தொலவு கப்பல்ல போய் இதத்தான் கத்துக்கினு வந்தியா?”

“ஆமாங்க அத்தை. கொண்டாந்ததே இதத்தான்.”